ஆறாம் வகுப்பில் ஓர் இடம்

(யூபிலி ஆண்டுப் பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி விழாக் குழுவினர் இன்றைய கூட்டத்தில் குடும்ப செபத்தைப் பற்றிப் பேசுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டனர். குடும்ப செபத்தைப் பற்றி ஞாயிறுதோறும் பேசித்தான் வருகிறோம். கேட்டுக் கேட்டு நீங்களும் களைத்திருப்பீர்கள். ஆகவே குழுவினரின் மன்னிப்போடு வேறொன்றைப் பேசத் துணிகிறோம். ஏப்ரல் மாதம் பிறந்ததும், காலைத் திருப்பலி முடிந்த கையோடு பங்கு இல்லத் திண்ணையில் வந்து அமர்வோர் பூசைக் கருத்துக் கொடுக்க வருவதில்லை. கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நாலைந்து சான்றிதழ்களும் அவற்றின் நகல்களும். பக்கத்தில், புதிதாகத் தலைவாரி உட்காரவைக்கப்பட்ட பத்து வயதுப் பிள்ளை. "சாமி, எப்படியாச்சும் அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு சீட்டு வாங்கிக் குடுத்துருங்க" என்பதே வேண்டுதல். ஐந்தாம் வகுப்பை முடித்த பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் இடம். அதைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் நம்முடைய பாவசங்கீர்த்தனம். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், ஒரே பள்ளிக்கு ஒரே வாரத்தில் 17 சிபாரிசுக் கடிதம் எழுதினோம். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். எல்லாக் கடிதத்திலும் "நல்ல கத்தோலிக்கக் குடும்பம்" என்றே எழுதியிருந்தோம். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே, "சாமி, 17 பேரும் நல்லவர்கள் என்றால் நான் யாரைச் சேர்க்க?" என்று கேட்டார். அதற்கு நாம் செய்தது என்ன தெரியுமா? ஒரு குடும்பத்துக்காக மட்டும் தொலைபேசியில் பேசினோம். திருவிழாத் தேர் செலவுக்குக் கை தாராளமாகக் கொடுத்த குடும்பம். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்தது.

கிடைக்காத பிள்ளைகளில் ஒருத்தி, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் பூப்பறிக்கப் போகும் ஒரு தாயின் மகள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய வேறொரு பள்ளியில் ஆகஸ்டு மாதம் சேர்ந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றாள். பின்னர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். தொலைபேசியை நாம் எடுக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். ஆனால் அந்தத் தாய் நம்மைப் பார்த்து ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. அது இன்றும் உறுத்துகிறது. அன்று முதல் கடிதத்தில் குணம் எழுதுவதில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் எத்தனை கிலோமீட்டர், தாய் தந்தையின் தொழில், கூடப் பிறந்தவர் எங்கே படிக்கிறார், இவ்வளவே எழுதுகிறோம். தொலைபேசியில் யாருக்காகவும் பேசுவதில்லை. மனத்தாங்கல் கொண்டோர் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள் என்பது தெரியும்.

சரி, கடிதம் இல்லாமல் உங்களுக்கு எது உதவும்? சட்டம் ஓரளவு உதவும். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது அச்சட்டம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாயிற்று என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஜூன் கடந்துவிட்டது என்றும் மறுக்கக் கூடாது. நன்கொடை என்னும் பெயரில் சேர்க்கைக்குப் பணம் பெறுவதை அதற்கும் முன்பே, 1992-இல், தமிழகச் சட்டம் தடை செய்துவிட்டது. ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் உண்டாமே என்று பலர் கேட்கிறீர்கள், அது எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் நுழையும் பிள்ளைகளுக்கு. ஆறாம் வகுப்பில் புதிதாகக் கேட்க முடியாது.

இங்கே ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே மாதம் தீர்ப்பளித்தது. அது சரிதானா என்று அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு 2025-இல் ஐயம் எழுப்பியிருக்கிறது. ஆக, வடிகட்டக் கூடாது என்னும் கட்டளைக்கு இன்றைய நிலையில் விலக்குப் பெற்றிருப்பவை நம்முடைய பள்ளிகளே. சட்டத்திலிருந்து விலக்குப் பெறலாம்; மலைப்பொழிவிலிருந்து விலக்குக் கொடுக்க எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு? இதைப் பள்ளி நடத்தும் குருக்களும் சகோதரிகளும் வரும் கூட்டங்களிலும் சொல்லிவிட்டோம். ஆகவே இங்கே சொல்வதில் புறங்கூறல் இல்லை.

அதே மூச்சில் உங்களுக்கும் ஒன்று. "நம்ம பள்ளிக்கூடம், நம்ம பிள்ளைக்கு இல்லாமலா?" என்கிறீர்கள். இந்த ஊரில் தூய மரியன்னை பள்ளியை சேசு சபையார் 1850-இல் தொடங்கினார்கள். நம் நகரில் எல்லா மதத்தாரும் அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்துத்தான் முன்னுக்கு வந்தார்கள். அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குத் தருகிறது. ஒவ்வொரு கத்தோலிக்கப் பிள்ளைக்கும் ஓர் இருக்கை என்று அது எழுதிவைக்கவில்லை. 29-ஆம் பிரிவோ, அரசு உதவி பெறும் பள்ளியில் மதத்தை மட்டும் காரணமாக்கி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்துத்தான் தலைமையாசிரியர் இடம் கொடுக்கிறார். அவர் நிலையில் நின்றும் சற்றுப் பாருங்கள்.

இப்போது, பலரும் யோசிக்காத ஒன்றுக்கு வருகிறோம். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்பது, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது எந்தக் கதவு திறக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. 2020-இல் தமிழக அரசு, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடங்களை அரசுப் பள்ளி மாணவருக்கென ஒதுக்கிச் சட்டம் செய்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, நம் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளி ஆகியனவும் அரசுப் பள்ளியே. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறதே, அப்படியானால் அரசுப் பள்ளிதானே என்று நம்பி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு வந்து கண்ணீர் விட்ட ஒரு தகப்பனாரை நாமே பார்த்தோம். ஏழு ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவை அன்று எப்படி மாற்றுவது?

கல்லூரியில் சேரும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தபோது அதுவும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே. பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இல் தொடங்கியது; அதிலும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி என்றே நிபந்தனை வைத்தார்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-இல் செய்த திருத்தத்தின்படி கல்லூரிப் படிப்பு மட்டுமல்ல, பள்ளிப் படிப்பும் தமிழிலேயே இருந்திருக்க வேண்டும். ஆங்கில வழி என்று பலகை கண்டதும் ஓடும் பெற்றோர் இதையும் கணக்கில் கொள்ளட்டும். ஆங்கிலம் வேண்டாம் என்பதல்ல நம் கருத்து. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். இத்தகைய திட்டங்களின் நிபந்தனைகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சேர்க்கும் நாளிலேயே பள்ளியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தொலைவையும் பாருங்கள். வெள்ளோட்டிலிருந்தோ வக்கம்பட்டியிலிருந்தோ நகரத்துக்கு வரும் பெண் பிள்ளை மாலையில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று கணக்கிட்டீர்களா? பெயர் பெற்ற பள்ளி தூரத்திலும், பெயர் பெறாத நல்ல பள்ளி பக்கத்திலும் இருந்தால் பக்கத்துப் பள்ளியையே நாம் சொல்வோம். இதில் நம்மோடு முரண்படுவோர் பலர், முரண்படட்டும்.

அடுத்து, அந்த மஞ்சள் பைக்குள் இருப்பவை. நம் கதையையே சொல்கிறோம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது வாத்தியார் நம் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டோம், ஐந்து வயது நிறைந்ததாக முடிவாயிற்று. பிறந்த தேதி என்று ஜூன் மாதத்தில் ஒரு நாளை அவரே எழுதிக்கொண்டார். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டிலோ நாம் பிறந்தது அக்டோபர். இன்றுவரை அரசுக்கு ஒரு பிறந்த நாள், அம்மாவுக்கு ஒரு பிறந்த நாள். நம் காலத்தில் அதைச் சிரித்துக் கடந்துவிட்டோம். இன்று உங்கள் பிள்ளைகளால் முடியாது.

நடப்பது என்னவென்றால், பிறப்புச் சான்றிதழில் ஆரோக்கிய செல்வன். திருமுழுக்கில் சூசை செல்வன். ஆதாரில் வெறும் செல்வன். தலைப்பெழுத்து ஓரிடத்தில் ஏ, ஓரிடத்தில் அ, ஓரிடத்தில் எஸ். இது ஒரே பிள்ளைதான் என்று கணினிக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனையில் பிறந்த கையோடு பதிந்துவிட்டுப் பெயர் சேர்க்க மறந்த குடும்பங்களும் நம் பங்கில் உண்டு. ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். பின்னரும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி உண்டு. 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். நாம் கொடுக்கும் திருமுழுக்குச் சான்றிதழ் அதற்குப் பயன்படாது. இன்று மடியில் குழந்தையோடு அமர்ந்திருக்கும் தாய்மார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பதிவில் பிழை இருந்தால் ஆறாம் வகுப்பிலேயே திருத்துங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் சென்னை வரை அலைய வேண்டியிருக்கும்.

இன்னொன்று, சொல்லவும் தயக்கம், சொல்லாதிருக்கவும் முடியவில்லை. பிள்ளையின் சாதிச் சான்றிதழில் இந்து என்றும், கத்தோலிக்கப் பள்ளியில் முன்னுரிமை கேட்கத் திருமுழுக்குச் சான்றிதழ் என்றும், இரண்டு மதங்களைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. 1950 ஆகஸ்டு 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித் மக்களைப் பட்டியல் இனத்திலிருந்து வெளியே நிறுத்திற்று. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கதவைத் திறந்தார்கள். நமக்கு இன்னும் திறக்கவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், திருமுழுக்குப் பெற்று கோயிலுக்கும் செல்பவர் சலுகைக்காக மட்டும் இந்து என்று கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, இரண்டு சான்றிதழ் ஒருநாள் பிள்ளையின் வேலைக்கே ஆபத்தாகலாம் என்று எச்சரிப்பது நம் கடமை. கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கெனத் தமிழக அரசின் கல்வி உதவித்தொகைகள் இருக்கின்றன; அவற்றை நம் மக்கள் கேட்பதே அரிது. கேளுங்கள். எந்தச் சான்றிதழைக் காட்டுவது என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க மாட்டோம். அது உங்கள் மனச்சாட்சியின் சுமை. அதைச் சுமத்தியவர்கள் நீங்கள் அல்லர்.

பதினோராம் வகுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிட்டுப் பின்னர் பொறியியலுக்கு அனுப்ப முடியவில்லையே என்று வருந்தாதீர்கள். மதிப்பெண் குறைந்தால் பாலிடெக்னிக் உண்டு, ஐ.டி.ஐ. உண்டு, தொழிற்பிரிவு உண்டு. பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளைக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு உண்டு. அதற்குள் பிள்ளையை மில்லுக்கு அனுப்பிவிடாதீர்கள். இதை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசான்கள் என்று 1965-இல் சங்கத் தந்தையர் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் எழுதினார்கள். நம் தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறாம் வகுப்பு விண்ணப்பத்தை அலுவலக எழுத்தரிடம் கொடுத்து, "ஐயா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று கட்டை விரலை நீட்டினார். எழுத்தர் அலுத்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்தார். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இந்த யூபிலி ஆண்டில் அந்த எழுத்தரின் வேலையை நம் பங்கு அலுவலகம் எடுத்துக்கொள்கிறது. சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் இளைஞர் மன்றத்தார் இருவர் கணினியோடு அமர்வார்கள், கட்டணம் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் நம் பங்குப் பிள்ளைகளின் பட்டியல் தயாராக இருக்கிறது. அதில் சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ இன்னும் வாங்காதவர்கள் 23 பேர். கோயில் முற்றத்துப் பலகையில் பெயர்களை ஒட்டவில்லை; ஒட்டினால் மனம் நோகும். அன்பியப் பொறுப்பாளர்கள் இன்றிரவே வீடு தேடி வருவார்கள். தேநீர் வைக்க வேண்டாம். மஞ்சள் பையை எடுத்து வைத்திருங்கள்.