கொழுந்து பறிப்போரின் நண்பகல் உணவு

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வைகறையிலேயே அடுப்பு மூண்டுவிடுகிறது. பிரட்டுக்குச் செல்லுமுன் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து, கொழுந்துக் கூடையை எடுக்கிறாள் தோட்டத்துப் பெண். ரொட்டியும் சம்பலும் பசியாற்றும். ஆயினும் தேய்ந்த தசையைப் புதுப்பிப்பது புரதத்தின் தொழில். அது இவ்வுணவில் குறைவு. கோதுமைப் புரதத்தில் லைசின் என்னும் கூறு போதாது. அக்குறையைக் கோழியும் கடலையும் நிறைவு செய்கின்றன.

50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம் புரதம் வேண்டும். கருவுற்றவருக்கும் பாலூட்டும் தாய்க்கும் மேலும் வேண்டும். இதிற் பாதிக்கு மேல் நண்பகல் உணவே தருவதற்கு எளிய வழியொன்று கோழிச் சலாது.

சனி இரவு கால் கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்தல் வேண்டும். ஞாயிறு மாலை அதனை வேகவைத்து, எலும்பு நீக்கிய கோழி அரைக் கிலோவை இஞ்சி, மிளகு, மஞ்சள், உப்புச் சேர்த்துத் தனியே அவித்து, சிறு துண்டுகளாக்கி, இரண்டையும் கலந்தால், இருவருக்கு மூன்று நாளைக்கு ஆறு பங்கு கிடைக்கும். பங்கொன்றில் ஏறத்தாழ 26 கிராம் புரதம் உண்டு. உண்ணும் வேளையில் மலைநாட்டிலேயே விளையும் கரட்டையும் கோவாவையும் மெல்லியதாய் அரிந்து, தேசிக்காய்ச் சாறு பிழிந்து சேர்க்கலாம். தேசிக்காய்ப் புளிப்பு, கடலையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரத் துணைபுரியும். உணவுடன் அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கும். ஆதலின் தேநீரை ஒரு மணி நேரம் கழித்து அருந்துதல் நன்று.

கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கிறது. 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே, கொதித்ததைக் கண்டு வெந்ததெனக் கொள்ளலாகாது. கடலை நசுங்கும் வரையும், கோழியின் உட்புறச் சிவப்பு முற்றும் மறையும் வரையும் அடுப்பு எரிதல் வேண்டும்.

குளிர்நாடாதலின் உணவு கெடாதென்பது தவறான நம்பிக்கை. அவித்த கோழியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளுக்குள் உண்டு முடித்தல் வேண்டும். அப்பெட்டி இல்லாத வீட்டில் அன்றன்று சமைப்பதே தக்கது. நண்பகலில் லயத்துக்குத் திரும்புவோருக்கே இச்சலாது ஏற்றது. தொலைவான மலையில் வேலை செய்வோர் வறுத்த நிலக்கடலையையும் பொரித்த நெத்தலிக் கருவாட்டையும் ரொட்டியுடன் கொண்டு செல்லலாம். வியாழன் முதல் பருப்பும், ஒவ்வொன்றிலும் ஆறு கிராம் புரதமுள்ள முட்டையும் கைகொடுக்கும்.

சமைத்தவளே இறுதியில் உண்பதும், துண்டுகள் பிறர் தட்டுக்குப் போய்க் குழம்பு மட்டுமே அவளுக்கு எஞ்சுவதும் பல வீடுகளில் வழக்கம். நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறிப்பவளும் அவளே. ஞாயிறன்றே ஆறு பாத்திரங்களிற் சமமாகப் பங்கிட்டு மூடிவைத்தால், அவளுக்குரிய மூன்றும் அவளுக்கே உரியனவாக நிற்கும். வாரத்து உணவை முன்கூட்டியே ஆயத்தம் செய்வதன் பெரும்பயன் நேரம் மிஞ்சுவது மட்டுமன்று. உழைக்கும் தாயின் பங்கு குறையாதிருப்பதுமாகும்.