பூச்சியங்களுக்கு நடுவே என்ன குறி?

(மன்னார்புரத்தில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பல ஆண்டுகள் நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்களை எண்கோட்டில் குறித்துவிட்டு, வலப்பக்கத்திலிருந்து மிகை, குறை, மிகை என்று மாற்றி மாற்றிப் போடச் சொல்வேன். பாடநூல் கணக்குகளுக்குப் பெரும்பாலும் விடை சரியாகவே வந்தது. ஒருநாள் பதினொன்றாம் வகுப்பில் (𝑥−1)²(𝑥−3) > 0 என்று கரும்பலகையில் எழுதி, வழக்கப்படி 𝑥 < 1, 𝑥 > 3 என்று முடித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “சார், 0 போட்டுப் பார்த்தேன், −3 வருதே” என்றாள். கணக்கை மாற்றி எழுதிவிட்டேன் என்று சமாளித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. கணக்கு சரி, என் விதிதான் தப்பு. மறுநாள் வகுப்பில் ஒப்புக்கொண்டேன். அதற்கு முன் படித்துவிட்டுப் போன பிள்ளைகளிடம் ஒப்புக்கொள்ள வழியில்லை.

இப்போது ஆற்றைக் காட்டித் தொடங்குகிறேன். இங்கிருந்து வடக்கே திருவரங்கம் தாண்டிப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலங்களை மறந்துவிடுவோம், தரையின் உயரம்தான் கணக்கு. அந்தந்த ஆற்றின் நீர்மட்டத்துக்கு மேலே தரை இருந்தால் மிகை, கீழே இருந்தால் குறை, நீர்மட்டத்திலேயே இருந்தால் பூச்சியம். காவிரிக்கு இரண்டு கரை, கொள்ளிடத்துக்கு இரண்டு கரை, ஆக நான்கு பூச்சியங்கள். (உய்யகொண்டான் வாய்க்காலை விட்டுவிட்டீர்களே என்று திருச்சிப் பிள்ளைகள் கேட்பார்கள். சேர்த்தால் ஆறு.) குறிகள் மிகை, குறை, தீவில் மிகை, மறுபடி குறை, மிகை. (𝑥−1)(𝑥−2)(𝑥−3)(𝑥−4) நடப்பதும் இப்படித்தான்.

கரையைத் தொடாமல் யாரும் ஆற்றில் இறங்க முடியாது. பல்லுறுப்புக் கோவையின் வரைபடம் எங்கும் அறுபடாதது. மிகையிலிருந்து குறைக்குப் போக 0 வழியாகத்தான் போயாக வேண்டும். பார்த்தாலே தெரிகிற இதற்கும் நிரூபணம் வேண்டும் என்று நினைத்து, 1817-இல் அதை எழுதியவர் போல்சானோ. ஆகவே அடுத்தடுத்த இரு பூச்சியங்களுக்கு நடுவே குறி மாறாது. ஓர் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அந்த இடைவெளி முழுவதற்கும் போதும்.

ஆனால் பூச்சியம் வந்தாலே குறி மாறிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. நான் வழுக்கிய இடம் அதுதான். ஆற்றுக்குள் ஒரு மணல்திட்டு. அதன் உச்சி நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டு மறுபடி இறங்குகிறது. உச்சியில் பூச்சியம், இரு பக்கமும் குறை. (𝑥−1)² செய்வது இதைத்தான். வர்க்கம் ஒருபோதும் குறை ஆகாது. எனவே 1-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறியைத் தீர்மானிப்பது (𝑥−3) மட்டுமே. காரணி ஒற்றைப்படைத் தடவை வந்தால் குறி மாறும், இரட்டைப்படைத் தடவை வந்தால் மாறாது. பகுதியில் 𝑥 வந்தால் கதை வேறு: 1/𝑥 பூச்சியத்தைத் தொடாமலே குறி மாறுகிறது, ஏனெனில் அங்கே வரைபடம் அறுந்திருக்கிறது. அந்த இடத்தையும் எண்கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்.

அதே கணக்கை (𝑥−1)²(𝑥−3) ≥ 0 என்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்கூட 𝑥 ≥ 3 என்று நிறுத்திவிடுவார்கள். 𝑥 = 1 என்ற ஒற்றைப் புள்ளி விடுபட்டுப் போகும். மணல்திட்டை வரைந்து காட்டிய வகுப்பில், “உச்சியும் நனையலையே சார்” என்று ஒருவன் அதை எடுத்துக் கொடுத்தான்.