விலகுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்



தோட்டங்களிலிருந்து வந்து, கணக்கியலும் சட்டமும் கற்று, இன்று பட்டம் பெறும் செல்வங்களே, உங்களில் பலர் கொழும்புக்கு வேலைக்குப் போவீர்கள். போங்கள், தொழிலை நன்றாகப் பழகுங்கள். ஆனால் உழைப்பை வாங்கிக்கொண்டு, 'தோட்டத்துப் பிள்ளைதானே' என்று மட்டம் தட்டும் இடத்தில் ஆயுளைக் கழிக்காதீர்கள்.

அப்படி ஓர் இடத்திலிருந்து விலகி வந்த கோ. நடேசய்யரை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூரில் வணிகக் கல்வி ஆசிரியராக இருந்தவர். இலங்கைக்கு வந்து, வெளியார் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியாக வேடமிட்டுப் போய், தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவின் தொழிற்சங்கத்தில் உப தலைவரானார். அங்கே இந்தியத் தொழிலாளருக்கு எதிரான போக்கு வலுத்தபோது, 1928இல் விலகினார். விலகியவர் ஊர் திரும்பவில்லை. 1931இல் இதே ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். துணைவியார் மீனாட்சி அம்மையார் பாடல்களால் மக்களைத் திரட்டினார். 1936இல் ஹட்டன் மக்கள் நடேசய்யரை அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

அவர் போட்ட பெரிய முதல், கற்ற கல்விதான். தொழிலாளருக்காகச் சட்டத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தேவை இன்னும் தீரவில்லை. பெயரில் ஓரெழுத்து மாறியதால் சேமலாப நிதிக்காக அலையும் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும், கணக்கு எழுதத் தெரியாத சிறு கடைக்காரருக்கும் நீங்கள் வேண்டும்.

அவர்களுக்காகச் சொந்தத் தொழில் தொடங்க முதல் வேண்டும். ஆனால் லயத்து வீட்டுக்கு உறுதி கிடையாது; ஈடு வைக்க ஒன்றுமில்லாதவருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. அதனால் கோபத்தில் வேலையை விடாதீர்கள். சில மாதச் செலவுக்குச் சேமித்த பிறகு விலகுங்கள். பழைய நிறுவனத்தின் கோப்புகளைத் தொடாமல் வெளியே வாருங்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்றாலும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். உங்கள் வேலைக்கு நீங்களே விலை சொல்லக் கூசினால், வேறு யார் சொல்வார்கள்?

ஒரு நாள் உங்களிடமும் ஒரு பிள்ளை வேலை கேட்டு வரும். உங்களுக்குக் கிடைக்காத மரியாதையையும் நியாயமான சம்பளத்தையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள். நீங்கள் விலகி வந்ததன் நியாயம் அங்கேதான் நிலைக்கும்.