தரங்கம்பாடி மணலில்



மயிலாடுதுறையிற் பேருந்து ஏறிக் கிழக்கே கடலை நோக்கிச் செல்பவர், பொறையாறு கடந்த சிறிது நேரத்தில் ஒரு பழைய வெள்ளை வாயிலின் முன் இறங்குவர். 1792ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற அவ்வாயிலினுள் நுழைந்தால் நேரான ஒரு வீதி. அவ்வீதியின் முடிவிற் கடல். தரங்கம் என்றால் அலை. ஊரின் பெயரே நம்மை எங்கே அழைத்துச் செல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அங்கே டென்மார்க்கு நாட்டவர் 225 ஆண்டுகள் இருந்தனர். அவர்கள் முதலில் நாடி வந்தது இவ்வூரை அன்று, நம் இலங்கையையே. ஓவ கெடே என்னும் இளந்தளபதியின் கப்பல்கள் 1620ஆம் ஆண்டு இங்கு வந்தன. கண்டி மன்னனோடு பேச்சு நடந்தது. திருகோணமலையிற் கோட்டை கட்டும் முயற்சியும் நடந்தது. எதுவும் கைகூடவில்லை. அதன் பின்னரே தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர். நாயக்கர் டென்மார்க்கு மன்னனுக்கு விடுத்த கடிதம் பொன்னேட்டிலே தமிழில் எழுதப்பெற்றது. கோபன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் அது இன்றும் இருக்கின்றது.

கடற்கரையில் நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டை இப்போது காட்சிச்சாலை. நாணயங்கள், பீங்கான் கலங்கள், கப்பற் பொருள்கள் எனக் காட்சிச்சாலைகளில் வழக்கமாகக் காண்பனவே அங்கும் உள்ளன. என்னை நிறுத்தி வைத்தவை கீழ்த்தளத்து இருட்டறைகள். சரக்கும் மதுப்பீப்பாய்களும் வைத்த அறைகளோடு சிறையும் அங்கிருந்தது. 1708ஆம் ஆண்டு இக்கோட்டையின் தலைவர், தம் மன்னரே அனுப்பிய பாதிரியார் ஒருவரைப் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தார். அவர்தாம் சீகன்பால்கு.

அவர் 1706ஆம் ஆண்டு இக்கரையில் இறங்கியபோது அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை மாணவர்களோடு தம் வீட்டிற்கே வரவழைத்தார். சிறுவர்களின் நடுவே தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, விரலால் மணலில் 'அ'னாவும் 'ஆ'வன்னாவும் எழுதிப் பழகினார். இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் திரட்டி, அவற்றிற்கு ஒரு பட்டியலும் வரைந்துவிட்டார். மதம் மாற்ற வந்தவர் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், தாம் மாற்ற எண்ணிய மக்களின் நூல்களை இத்தனை விருப்போடு படித்ததைக் கண்டு அவரை அனுப்பியவர்களே முகஞ் சுளித்தனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

பின்னர் அச்சுப்பொறி வந்தது. சருமனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் மிகப் பெரியனவாய் இருந்து காகிதத்தைத் தின்றன. பாற்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கிச் சிறிய எழுத்துக்கள் வார்த்தார்கள் என்று சொல்வர். 1715இற் புதிய ஏற்பாடு முழுமையாகத் தமிழில் அச்சேறி முடிந்தது. 1719இல், 36 வயதிலே, சீகன்பால்கு காலமானார். தாம் கட்டுவித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாயிருக்கிறார்.

1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். செராம்பூரையும் சேர்த்து விலை பன்னிரண்டரை இலட்சம் உரூபாய். அதன் பின் வணிகம் நாகப்பட்டினத்திற்குப் போயிற்று, வீதி அமைதியாயிற்று.

கோட்டைக்குச் சற்று வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் பழைய பகுதியிற் பெரும்பங்கைக் கடல் கொண்டுவிட்டது. கரையிற் கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். அக்கற்களின் மேல் வலை பின்னிக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம், கோயில் எதுவரை இருந்தது என்று கேட்டேன்.

"அதோ, அலை உடையுது பாருங்க ஐயா, அதுக்கும் அப்பாலே இருந்துச்சுன்னு என் பாட்டனார் சொல்லுவார். அதுக்கு முன்னாலே மணல் கிடந்துச்சாம், நடந்து நடந்து கால் வலிக்குமாம்."

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாளைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். அவ்வூரில் மாண்டவர் பல நூற்றுவர். அவர் வீட்டிலிருந்து இருவர் திரும்பவில்லை. சொல்லும்போதும் அவர் கை வலைக்கண்ணை விட்டு விலகவில்லை.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம். பருத்தித்துறைப் பக்கம்."

"அன்னைக்குக் காலையிலே அங்கேயும் வந்துச்சாமே?"

"வந்தது, பெரியவரே. வடமராட்சி கிழக்கில் ஊர் ஊராய்க் கொண்டுபோயிற்று."

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அலை கல்லில் மோதிக்கொண்டிருந்தது; பாட்டு என்று அதைச் சொல்ல அன்று எனக்கு மனம் வரவில்லை.

"உங்க பக்கம் கோயில் கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

வல்லிபுர ஆழ்வார் கோயிலைச் சொன்னேன். கோயிலுக்கும் கடலுக்கும் இடையே மணற்குன்றுகள் இருப்பதையும், தீர்த்தத்திற்கு மக்கள் அம்மணலைக் கடந்து கடலுக்கு நடப்பதையும் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"மணல் இன்னும் இருக்கா? அப்போ யாரும் அதை வண்டியிலே அள்ளிக்கிட்டுப் போகாமே பார்த்துக்குங்க ஐயா."

வலையைச் சுருட்டித் தோளிற் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போனார்.