ஓசி மென்பொருளில் செய்த பாட்டை விற்கலாமா?

(ராஜபாளையத்தில் இளைஞர்கள் கூடும் ஒரு மாலைநேரப் படிப்பகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தம்பிகள் என்னை அழைத்தபோது, “அண்ணே, உங்க ஆராய்ச்சியப் பத்திப் பேசுங்க” என்றுதான் கேட்டார்கள். தென்மாவட்டங்களில் தப்பு, உறுமி அடிப்பவர்களுக்குக் கூலி எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்குக் குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம் தலைப்பை மாற்றிவிட்டது. படத்தில் இருந்தது இருபது ரூபாய் முத்திரைத்தாள்.

நான்கு தம்பிகள் சேர்ந்து நான்கு பாட்டுகள் செய்திருக்கிறார்கள். ஒருவன் தப்பு, ஒருவன் உறுமி, ஒருவன் ராப் சொல்கிறான், நான்காவது ஆள் கணினியில் உட்கார்கிறான். அந்தக் கணினி அவனுடைய அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அக்கா இப்போது ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். அவர் இரவு ஷிப்ட் முடித்துவந்து தூங்கும் நேரம் போக மீதி நேரத்தில்தான் பதிவு. மென்பொருள் ஆடாசிட்டி. தப்பின் முதல் அடியே மலிவு மைக்கைப் பிளந்துவிடும். கருவியை ஆறடி தள்ளி வைத்து, பதிவு அளவைக் குறைத்து, பத்துப் பதினைந்து தடவை அடித்துப் பார்த்துத்தான் சரிசெய்திருக்கிறார்கள்.

கடைசி மெருகு போட ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்கள். எந்த ஊர், எந்த ஸ்டுடியோ என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தவர், “எதுல பண்ணீங்க? ஆடாசிட்டியா? அது ஓசி ஆச்சே. ஓசி சாப்ட்வேர்ல பண்ணத விக்க முடியாது தம்பி, வித்தா கேஸ். நாலு பாட்டையும் எனக்கு எழுதிக் குடுத்துருங்க, நான் முறையா வெளியிடுறேன். எட்டாயிரம் தர்றேன்” என்றிருக்கிறார். அந்த எழுத்துதான் முத்திரைத்தாளில் இருந்தது.

விற்கலாம். தாராளமாக விற்கலாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் பயன்படட்டும்.

ஆடாசிட்டியை 1999இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மசோனி, ரோஜர் டேனன்பர்க் என்ற இருவர் எழுதத் தொடங்கினார்கள். 2000இல் வெளியே வந்தது. அதன் உரிமம் ஜிபிஎல். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த க்னூ திட்டத்திலிருந்து வந்தது அந்த உரிமம். மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்கிறது. அது கட்டுப்படுத்துவது மென்பொருளின் நிரலை மட்டும்தான். அதை வைத்து நீங்கள் ஆக்கிய ஒலிக்கோப்பு உங்களுடையது. ஆர்டர், எல்எம்எம்எஸ் போன்றவற்றுக்கும் இதே விதிதான். களத்துமேட்டில் கொல்லருக்கும் தச்சருக்கும் ஒரு பங்கு நெல் அளப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கருவியைச் செய்தவர்கள் அந்தப் பங்கைக்கூடக் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் காசில்லாததையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அந்தக் குழப்பத்தை விளக்கியே ஸ்டால்மனுக்குப் பாதி வாழ்நாள் போயிற்று. தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. ஆனால் நம்மிடம் ‘ஓசி’ என்று மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது. ரேஷன் அரிசி, மடிக்கணினி, மகளிர் பேருந்து என எதை வாங்கினாலும் நம் ஆட்கள் முகத்தில் வீசப்படும் சொல் அது. பெரிய கணினி நிறுவனங்களின் சர்வர்கள் லினக்ஸில் ஓடுகின்றன. அவர்களை யாரும் ஓசி என்பதில்லை, சாமர்த்தியம் என்கிறார்கள். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் மேலாண் இயக்குநராக இருந்தபோது அரசு அலுவலகங்களில் லினக்ஸைக் கொண்டுவரப் பாடுபட்டார். அவர் ஒரு தலித் அதிகாரி. 2010இல் சாதிச் சான்றிதழ் பொய் என்று குற்றஞ்சாட்டி அவரை இடைநீக்கம் செய்தார்கள், பிறகு அதை விலக்கிக்கொண்டார்கள். இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை. கட்டற்ற மென்பொருள் வரலாற்றைத் தமிழ்நாட்டில் பேசுகிறவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

ஸ்டுடியோக்காரரின் கணினியில் இருந்தது பல ஆயிரம் ரூபாய் மென்பொருளின் கிராக் செய்த பிரதி. தம்பி அதையும் படமெடுத்து அனுப்பியிருந்தான். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. கேஸ் யார் மேல் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் வீட்டுக் கதை. என் பெரியப்பா தப்படிப்பவர். 1992 பங்குனியில் ஒரு கேசட் கடைக்காரர் அவர் செட்டைக் கூப்பிட்டு, கோயில் கொடைக்கு அடிக்கும் அடிகளை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்தார். ஆளுக்கு ஒரு நாள் கூலி, மத்தியானம் பொட்டலச் சோறு. கேசட் நாலைந்து வருடம் ஓடியது. உறையில் அம்மன் படம், கடையின் பெயர், வேண்டுமட்டும் விளம்பரம். அடித்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. பெரியப்பா அதை அநியாயம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “நம்ம அடிச்சது காத்தோட போச்சு, அவன் டேப்புல புடிச்சான்” என்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் முதலில் தேடியது சட்டப் புத்தகத்தைத்தான்.

தேடிப் பார்த்தால், பெரியப்பா சொன்னதைத்தான் சட்டமும் சொல்லியிருந்தது! 1957இல் பதிப்புரிமைச் சட்டம் வந்தபோது ‘இசைப் படைப்பு’ என்பதற்கு அது கொடுத்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள். மெட்டும் சுரஇசைவும் சேர்ந்தோ, இரண்டில் ஒன்றோ இருக்க வேண்டும். அது அச்சிடப்பட்டோ எழுதப்பட்டோ வேறு வகையில் வரைவடிவம் பெற்றோ இருக்க வேண்டும். தப்புக்கு எழுத்து எங்கே இருக்கிறது? அதன் உயிரே தாளம். மெட்டென்று எதைக் காட்டுவது? தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்டவர்களிடம், எழுதிக்கொண்டு வந்தால்தான் உன் இசை இசை என்று ஒரு குடியரசின் சட்டம் சொன்னது. சாதியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதியவர்கள் கண்ணுக்கு நாம் தெரியவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

1994இல் செய்து 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில்தான் அந்த எழுத்து நிபந்தனை போயிற்று. இசையால் ஆனது இசைப் படைப்பு, அவ்வளவுதான். குறியீட்டில் எழுதியதும் அதில் அடங்கும். அதே திருத்தத்தில்தான் நிகழ்த்துபவருக்கும் உரிமை வந்தது. நிகழ்த்துபவர் யார் என்று அந்தச் சட்டம் போடும் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி, சொற்பொழிவு செய்பவர். ஆகவே இப்போது நானும் ஒரு நிகழ்த்துகலைஞன்தான். கைதட்டலாம்.

பெரியப்பாவின் கேசட் அதற்கு மூன்று வருடம் முந்தையது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு இசையைப் பேசும்போது இளையராஜாவைத் தவிர்க்க முடியாது. 2024 டிசம்பர் 15 அன்று ஆண்டாள் கோயிலுக்குத் தன் திவ்ய பாசுரங்கள் நிகழ்ச்சிக்காக வந்தவர், அர்த்த மண்டப வாசலில் வெளியே நிற்கும்படி சொல்லப்பட்டதை எல்லோரும் காணொளியில் பார்த்தோம். அர்ச்சகர், ஜீயர் தவிர யாருக்கும் அங்கே அனுமதி இல்லை என்றது அறநிலையத்துறை. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, வதந்தி பரப்புகிறார்கள் என்றார் அவர். அவரவர் விளக்கம் இருக்கட்டும். ஆண்டாளின் பாசுரம் யாருடைய பதிப்புரிமையிலும் இல்லை. நீங்கள் நாளைக்கே அதற்குத் தப்பில் மெட்டமைத்து விற்கலாம், ஒருவரும் தடுக்க முடியாது. பாட்டுக்குள் யாரும் நுழையலாம். வாசல்தான் இன்னும் ஆள் பார்க்கிறது.

வாசலைத் தாண்டிய பிறகும் பெயர் காணாமல் போகும். 2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து கிளைத்த பாட்டு. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை; பா. இரஞ்சித் கேள்வி கேட்ட பிறகுதான் ஊர் விழித்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்குப் பணமே வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதை மறுத்தது. உலகமே பாடிய பாட்டுக்கு இந்தக் கதி. அப்படியிருக்க, நாலு பேர் கையெழுத்தை எட்டாயிரத்துக்குக் கேட்பவருக்கு என்ன துணிச்சல் வராது?

அந்த முத்திரைத்தாளுக்கு வருகிறேன். ‘எல்லா உரிமைகளையும் என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும், ராயல்டி கோராமல்’ என்று எழுதியிருந்தது. இதில் கடைசிச் சொல் செல்லாது. 2012 திருத்தம் வந்த பிறகு, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சரிபாதியை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதித் தரலாம். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று வாதாடிப் பெற்றது அது. ஆனால் மற்றச் சொற்கள் செல்லும், அதுதான் ஆபத்து. எத்தனை வருடம் என்று எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்து வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். ‘என்றென்றைக்கும்’, ‘உலகம் முழுவதும்’ என்று அவர் எழுதியிருப்பது சும்மா இல்லை. வாய்ப்பேச்சில் உரிமை கைமாறாது, எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். ஆகையால் கையெழுத்துப் போடாத வரைக்கும் பாட்டு உங்களுடையது.

பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதும் பொய். படைத்த கணத்திலேயே வந்துவிடும். பதிவு ஒரு சாட்சி. இசைப் படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2000 ரூபாய் கட்டணம். முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் ஆடாசிட்டியின் மூலக்கோப்புகளை, தேதி அழியாமல், இரண்டு இடத்தில் வையுங்கள்.

எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களை உசுப்பேற்றியவன் ஆவேன். மென்பொருளில் ஆபத்தில்லை, அதற்குள் நீங்கள் கொண்டுவந்து போடும் ஒலியில்தான். இணையத்தில் எடுத்த லூப்புக்குத் தனி உரிமம் உண்டு. ஃப்ரீசவுண்ட் தளத்திலேயே சில ஒலிகளுக்கு நிபந்தனை இல்லை, சிலவற்றுக்குப் பெயர் போட வேண்டும், சிலவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. சினிமா பாட்டின் இரண்டு வினாடி என்றாலும் அது இன்னொருவர் சொத்து. கட்டண மென்பொருட்கள் சிலவற்றின் மாணவர் பதிப்பு விலை குறைவாகவோ இலவசமாகவோ கிடைக்கும், ஆனால் அதில் செய்ததை விற்கக் கூடாது என்று உரிமத்தில் இருக்கும். ஸ்டுடியோக்காரர் அதைக் கேள்விப்பட்டுத்தான் ஆடாசிட்டியோடு குழப்பிக்கொண்டாரோ என்னவோ. சந்தேகத்தின் பலனை அவருக்கும் கொடுப்போம். நம் தம்பிகளின் மூன்றாவது பாட்டில் எங்கிருந்தோ எடுத்த ஒரு கைதட்டல் ஒலி இருந்தது. தூக்கிவிட்டுத் தெருவிலேயே பத்துப் பேரைத் தட்டவைத்துப் பதிந்தார்கள். முன்னைவிட நன்றாகவே இருக்கிறது.

இன்னொன்று, உங்களுக்குள்ளேயே எழுதிக்கொள்ளுங்கள். “ஃப்ரெண்ட்ஸுக்குள்ள எதுக்குண்ணே பத்திரம்” என்று அவர்களும் கேட்டார்கள். நான் பார்த்த குழுக்கள் உடைந்ததெல்லாம் முதல் நூறு ரூபாய் வந்த அன்றைக்குத்தான்.

அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது. இரண்டாவது பாட்டில் நடுவே ஒரு ஒப்பாரி வருகிறது. உறுமி அடிக்கும் தம்பியின் அப்பத்தா பாடியது. இணையத்தில் வெளியிடுவதற்கான படிவத்தில் ‘பாடலாசிரியர்’ என்ற கட்டம். அப்பத்தா பெயரைப் போடலாம் என்று சொல்லப் போயிருக்கிறார்கள். அவர், “எங்க ஆத்தா பாடுனதுய்யா அது. அவளுக்கு அவ ஆத்தா சொல்லியிருப்பா. எம்பேரப் போட்டா பொய்யில்லையா?” என்றிருக்கிறார்.

சட்டப்படி பார்த்தால் அவர் நிகழ்த்துபவர், அதற்கு உரிமை உண்டு. வார்த்தைகளுக்கு ஆசிரியர் யார் என்று சொல்ல முடியாவிட்டால் ‘மரபுப் பாடல்’ என்று போடுவது வழக்கம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு கசப்பு உண்டு; நம் ஆட்களின் பெயரை எடுத்துவிட்டு வைக்கும் சொல்லாகவே அதைப் பல கேசட் உறைகளில் பார்த்திருக்கிறேன். அதே சமயம் அப்பத்தாவின் நேர்மைக்கு எதிராக நான் எதையும் சொல்லவும் முடியாது. இரண்டு நாள் கழித்து, “அப்பத்தா, நீங்க பாடும்போது உங்க ஊர் கண்மாயையும் செத்துப்போன உங்க மகனையும் சேர்த்துப் பாடுனீங்கள்ல, அது உங்க ஆத்தா பாடுனதா?” என்று பேரன் கேட்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அது நானாத்தான் பாடுனேன்” என்றாராம்.

படிவத்தில் அவர் பெயரும், பக்கத்தில் அவருடைய ஆத்தா பெயரும் இருக்கின்றன. பத்திரத்தை நானும் படித்துப் பார்த்தேன். வருமானம் ஐந்து பங்கு. ஐந்தாவது பங்கு எந்த வங்கிக் கணக்கில் போகும் என்பதில்தான் இப்போது பேச்சு. அப்பத்தாவுக்குக் கணக்கு இல்லை. திங்கட்கிழமை அவரை வங்கிக்கு அழைத்துப் போகிறார்கள்.