மர வேலையும் மெக்கானிக்கல் எஞ்சினீயரும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம்ம காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்சிட்டு நாற்காலி செய்யறவன் நீ ஒருத்தன்தான், அதைப் பத்தியே பேசு" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். பாராட்டா, கிண்டலா என்று நான் கேட்கவில்லை.

ஐந்து வருடம் ஒரு கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். இப்போது திருவானைக்காவல் பக்கம் ஒரு கொட்டகை பிடித்து, கேட்பவர்களுக்கு அளவெடுத்து மரச்சாமான் செய்து கொடுக்கிறேன். வரைவது நான். செய்வது எழுபதைத் தொட்ட ஓர் ஆசாரியாரும் இரண்டு பையன்களும். கடை விலையைப் போல் இரண்டு மடங்கு சொல்வேன். பாதிப் பேர் அங்கேயே எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேரை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது, ஓடத்தான் செய்கிறது.

ஆரம்பத்தில் தில்லைநகரில் ஒரு வக்கீல், சட்டப் புத்தகங்களுக்கு அலமாரி கேட்டார். தட்டு ஒவ்வொன்றும் நாலு அடி நீளம் வேண்டும் என்றார். நானும் அப்படியே வரைந்தேன். ஆசாரியார் தாளைப் பார்த்துவிட்டு, "மூணு அடிக்கு மேல போகாதீங்க தம்பி, நடுவுல ஒரு கால் குடுங்க" என்றார். ஏன் என்றால், "தொங்கும்" என்று ஒரே சொல். இரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நமக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் வகுப்பில் சொன்னதுதான். பரவலாகப் பாரம் ஏற்றிய பலகையின் தொங்கல், நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 3 அடியை 4 அடி ஆக்கினால் தொங்கல் மூன்று மடங்குக்கும் சற்று மேல். பாரம் இறங்காமல் அப்படியே இருந்தால் மரம் வருஷா வருஷம் இன்னும் கொஞ்சம் தொய்யும். ஆசாரியாருக்கு ஃபார்முலா தெரியாது. விடை தெரியும்.

அடுத்தது மரத்தின் அசைவு. இரும்பு சூட்டில் நீளும் என்று நமக்குத் தெரியும். மரம் ஈரத்துக்கு அகலும். நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, குறுக்கேதான் எல்லா விளையாட்டும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது. ஆனாலும் உள்ளிருக்கும் ஈரம் நான்கு சதவீதம் மாறினால், இரண்டடி அகலப் பலகை நான்கு மில்லிமீட்டர் வரை கூடும், குறையும். திருச்சியின் மே மாத வெயிலையும் ஐப்பசி மழையையும் நினைத்துப் பாருங்கள். போதாததற்கு இப்போது ஏ.சி. வேறு. அதனால்தான் நல்ல கதவில் உள்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல் சும்மா நிறுத்துகிறார்கள், அது உள்ளே அசைந்துகொள்ளும். நாலு பக்கமும் பசை போட்டு இறுக்கினால் பலகை வெடிக்கும், இல்லாவிட்டால் சட்டம் பிரியும். இன்டீரியர் வேலைகளில் இதைப் பார்த்துவிட்டு "மரம் சரியில்லை" என்கிறார்கள். மரம் என்ன செய்யும், பாவம்!

மரம் வாங்குவதும் இன்றைக்கு லேசில்லை. நம் ஊரில் மரக்கடை என்று ஒரு இடத்துக்கே பெயர். இன்றைக்கு மரக்கடை என்றால் அரசியல் கூட்டம்தான் பலருக்கு நினைவு வரும். இப்போது டிப்போக்களில் கிடைப்பதில் நிறைய, ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிற தோட்டத் தேக்கு. சீக்கிரம் வெட்டியது என்றால் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். கரையானுக்கு அந்த வெள்ளைதான் விருந்து. எனவே பழைய வீடு இடிக்கும் இடத்தில் மரம் வருகிறது என்று தெரிந்தால் நான் ஓடிவிடுவேன்.

"படிச்சவனுக்கு எதுக்குப்பா உளி?" என்று என் மாமா இன்னும் கேட்கிறார். அவருக்கு நான் ஜார்ஜ் நகாஷிமாவைச் சொல்வேன். அமெரிக்காவில் 1905-இல் பிறந்த ஜப்பானிய வம்சாவளிக்காரர். கட்டடக்கலையில் 1930-இல் எம்.ஐ.டி. பட்டம் வாங்கியவர். முப்பதுகளின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதிக் கட்டுமானத்தில் இருந்தார். அந்த அறைகளுக்கான சாமான்களையும் அவரே வடிவமைத்தார். திரும்பிப் போன பிறகு யுத்தம் வந்தது. 1942-இல் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்தபோது இவரையும் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்து முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த முகாமில்தான், ஜப்பானிய முறையில் பயின்ற ஒரு தச்சருக்குக் கையாளாக நின்று உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். எம்.ஐ.டி. பட்டம் கையில் இருக்கிறது! வெளியே வந்து பென்சில்வேனியாவில் பட்டறை போட்டு, 1990-இல் காலமாகும்வரை, கேட்பவர்களுக்கு மேசையும் நாற்காலியும் செய்துகொண்டிருந்தார். மாமா இதைக் கேட்டுவிட்டு, "அவனுக்கு அமெரிக்கா, உனக்கு ஸ்ரீரங்கம்" என்றார்.

ஸ்ரீரங்கம் என்றதும் ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். உத்திர வீதியில் ஒரு பாட்டி, எண்பது வயது தாண்டியவர். திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று தெருவிலிருந்து கொல்லைவரை நீண்ட வீட்டை விற்றாயிற்று. அம்மா மண்டபம் பக்கம் ஃபிளாட். கூடத்து ஊஞ்சல் பலகை ஆறரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், இரண்டு அங்குலக் கனம், ஒரே துண்டு பர்மாத் தேக்கு. எடை 45 கிலோ வரும். ஃபிளாட்டின் ஹாலோ பத்தடி. குறுக்கே மாட்டினால் யாரும் நடக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து மகன் ஃபோனில், "நாலு அடியா வெட்டிக் குடுத்துடுங்க சார்" என்றார். பாட்டி என்னைப் பார்த்து, "என் மாமியார் கண்ணை மூடின பலகைப்பா அது. குறைக்கணும்னா முதல்ல என்னைக் குறைச்சுட்டுக் குறை" என்றார். ஆசாரியார் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல ரம்பம் வைக்க நான் வரலை தம்பி, வேற ஆளைப் பாருங்க" என்று வெளியே போய்விட்டார். மகன்தான் பணம் கொடுப்பவர். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதற்கும் தயாராகத்தான் அன்று வீடு திரும்பினேன்.

மறுநாள் பாட்டியையே அளந்தேன். முழங்கால் வலி. பதினேழு அங்குல உயரத்திலிருந்து எழுந்திருக்கச் சிரமப்பட்டார், பத்தொன்பதிலிருந்து பரவாயில்லை. பகலில் உட்கார ஆடாத இடம் வேண்டும், மத்தியானம் படுத்து ஆட வேண்டும். அதனால் பலகையைச் சுவரை ஒட்டினாற்போல் நீளவாக்கில் தொங்கவிட்டோம். படுத்து ஆடுவது தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும்தானே! ஹால் நடை காலியாகிவிட்டது. பலகைக்கு அடியில் தள்ளிவைக்க இரண்டு தேக்குத் தாங்கிகள். ஆப்பைச் செருகினால் ஊஞ்சல் அசையாத பெஞ்சு, உருவினால் மறுபடி ஊஞ்சல்.

கொக்கியைக் கூரைத் தளத்தில் ஆங்கர் போல்ட் அடித்து மாட்டிவிடலாம் என்றார் கட்டியவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது டிகிரி வீச்சில் ஆடினால், கீழே வரும்போது சங்கிலி இழுப்பு, நிற்கும் பாரத்தைப் போல் 1.27 மடங்கு. அதுவும் ஓயாமல் ஏறி இறங்கும் பாரம். சிவில் படித்த என் ஹாஸ்டல் ரூம்மேட் வந்து பார்த்து, இரண்டு கான்கிரீட் உத்திரங்களுக்கு நடுவே இரும்புச் செக்‌ஷன் கொடுத்து, அதில் கொக்கி போட வைத்தான். ஃபீஸ் வாங்கவில்லை. இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான்.

மகன் வீடியோவில் பார்த்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மீதிப் பணத்தை அன்றே அனுப்பிவிட்டார். மாட்டிய அன்று ஆசாரியார் வழக்கம்போல் வாசலிலேயே நின்றார். பாட்டி, "அங்கே என்ன நிக்கறே, உள்ளே வந்து உக்காந்து பாரு. நீ உக்காந்தப்பறம்தான் நான்" என்றார். அவர் உட்கார்ந்தார். சங்கிலியில் சத்தம் வந்தது. எழுந்து, எண்ணெய் கேட்டு வாங்கி விட்டார்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஆசாரியாரின் மகன் சிங்கப்பூரில் வெல்டர், இந்தத் தொழிலுக்கு வரமாட்டார். கண் தெரிகிறவரைக்கும் சொல்லித் தருகிறேன் என்று ஆசாரியார் ஒப்புக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை கொட்டகை திறந்திருக்கும். நாலு பேருக்கு இடம் உண்டு. முதல் இரண்டு மாதம் உளி தீட்டுவது மட்டும்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சர்டிபிகேட் கிடையாது. மத்தியானச் சாப்பாடு உண்டு. வருகிறவர்கள் சாப்பிடும்போது என்னிடம் பெயர் கொடுங்கள்.