வாயிலோன் கேட்காத காசு



சில மாதங்களுக்கு முன்னர் எமது கல்லூரியின் உயர்தர வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புசல்லாவையில் அன்று அடைமழை. கூரைத் தகரத்தின் இரைச்சலை மீறிக் குரல் எழுப்ப வேண்டியிருந்தது. கையில் ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி அரண்மனை வாயிலில் நிற்கிறாள். வாயிலோன் உள்ளே சென்று அரசனிடம் அறிவிக்கிறான். அரசன் அழைத்து வரச் சொல்கிறான். இந்த இடத்தில் பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், வாயிலோன் அவகிட்ட ஒண்ணுமே கேக்கலையா?"

"என்ன கேட்பது?"

"காசு, சேர்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணத்தை இந்த ஒலிவாங்கியின் முன் சொல்லிவிடுகிறேன்.

2004ஆம் ஆண்டு. என் தந்தையார் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இந்த மண்ணிலேயே பிறந்து, இந்த மண்ணுக்கே உழைத்தவர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவர் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. பல ஒப்பந்தங்களும் சட்டங்களும் வந்து போன பின்னர், 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியிருந்தோருக்கும் வழி திறந்தது. அந்தப் பத்திர விடயமாக அவரை அலுவலகமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். மூன்று முறை அலைந்தோம். நான்காம் முறை, கோப்புக்குள் ஐந்நூறு ரூபாவை வைத்து நீட்டினேன். வேலை அன்றே முடிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா மெல்லக் கேட்டார்: "நாம பிரஜையானதே காசு குடுத்துத்தானா தம்பி?"

பட்டதாரியான என்னிடம் பதில் இருக்கவில்லை.

நேயர்களே, கண்ணகியை நாம் கோபத்தின் வடிவமாகவே பேசிப் பழகிவிட்டோம். அவள் வழக்குரைத்த முறையைச் சற்று நிதானமாகப் பாருங்கள். அவள் மதுரையின் குடியல்லள், சோழநாட்டுப் பெண். அந்த நகரில் அவளுக்கு உறவுமில்லை, செல்வாக்குமில்லை. எவருடைய சிபாரிசுக் கடிதத்தையும் அவள் கொண்டு செல்லவில்லை. சான்றைக் கொண்டு சென்றாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். தேவியின் சிலம்பிலோ முத்து. உடைத்ததும் உண்மை தெரிந்தது. பொற்கொல்லன் சொல்லை விசாரியாது நம்பியதே பாண்டியன் செய்த பிழை. அதனை உணர்ந்த கணமே அவன் அரியணையில் இருந்து வீழ்ந்து உயிர் நீத்தான்.

விசாரியாத ஆட்சி என்ன செய்யும் என்பதை நாம் ஏட்டில் மட்டுமா கண்டோம்? 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விவசாய அறிஞர்கள் எச்சரித்தார்கள், கேட்பார் இல்லை. நவம்பரில் தடை கைவிடப்பட்டபோது மலையில் கொழுந்து குறைந்து, பெண்களின் கூடையும் இளைத்துவிட்டிருந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாது என அரசு அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாம் நின்ற வரிசைகளை யார் மறப்பார்? மக்கள் காலிமுகத் திடலில் கூடாரமடித்துக் கேள்வி கேட்டார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அங்கு இருந்தார்கள். ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகையின் வாயில் திறந்தது. ஜூலை 14இல் கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார்.

மதுரையை எரித்த நெருப்பும் இக்கதையில் உண்டு. மே 9ஆம் திகதி அமைதியாக இருந்த போராட்டக்காரர் தாக்கப்பட்டனர். அதன் பின் நாடெங்கும் ஆளுங்கட்சியினரின் வீடுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அந்தத் தீயினால் எந்தக் கணக்கும் வெளிச்சத்துக்கு வரவில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கைக் கேட்டது இன்னொரு வாயில். ஒலிம்பிக்கில் நீந்திய ஜூலியன் பொலிங், சந்திரா ஜயரட்ன முதலிய சில பிரஜைகள் உயர் நீதிமன்றம் சென்றனர். 2023 நவம்பர் 14ஆம் திகதி தீர்ப்பு வந்தது. முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய, மஹிந்த, முன்னாள் நிதியமைச்சர் பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டோர் பொருளாதாரச் சீரழிவுக்குப் பொறுப்பாளிகள். பொதுமக்களின் நம்பிக்கையை மீறியவர்கள் என்று பெரும்பான்மை நீதியரசர்கள் கூறினார்கள்.

பாண்டியனைப் போல எவரும் 'பிழை என்னுடையதே' என்று வீழ்ந்துவிடவில்லை. தீர்ப்பு, வழக்குச் செலவை மாத்திரமே கட்டச் சொன்னது. இது போதுமா என்று கேட்பீர்கள். போதாதுதான். ஆனாலும் சிலம்பு உடைந்து பரல் தெறித்துவிட்டது. இனி அதை முத்தென்று எவரும் சொல்ல முடியாது.

பெரிய வாயில்களைப் பற்றிப் பேசுவது எனக்கு எளிது. என் மனச்சாட்சி நிற்பது சின்ன வாயிலில். கோப்புக்குள் ஐந்நூறு ரூபாவை வைத்தவன் அரண்மனைக் கணக்கை எந்த வாயால் கேட்பது? மேலே இருப்பவர் திருடும் துணிவை, கீழே இருக்கும் நாமும் சில்லறையாகக் கொடுத்து வளர்க்கவில்லையா? எம்மவரின் ஏழ்மையும், நாடற்ற அச்சமும், படிவம் நிரப்பத் தெரியாத தவிப்பும் அதற்குக் காரணங்கள். காரணங்கள்தாம், நியாயங்கள் அல்ல.

மறுநாள் வகுப்பில் அந்த ஐந்நூறு ரூபாவின் கதையைச் சொன்னேன். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றியும் சொன்னேன். ஒரு பிரஜை எழுத்தில் கேட்டால், அரச அலுவலகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

அண்மையில் அந்த மாணவி தன் தாயாரின் பத்திரமொன்றுக்காக ஓர் அலுவலகம் போயிருக்கிறாள். 'செலவுக்கு' என்று ஏதோ கேட்டார்களாம். "பற்றுச்சீட்டு தருவீங்களா சேர்?" என்று கேட்டாளாம். மூன்று கிழமை இழுத்தடித்தார்கள். இரண்டு முறை தாயார் ஒரு நாள் சம்பளத்தை இழந்தார். பிறகு பத்திரம் கிடைத்தது, காசு கொடுக்கவில்லை.

கண்டி நகரில் கண்ணகிக்குக் கோயில் இருக்கிறது. பத்தினித் தெய்வமாகச் சிங்கள மக்கள் அவளை வணங்குகிறார்கள். இம்முறை பெரஹரவுக்குப் போகும்போது நானும் அங்கு நிற்பேன். வரம் எதுவும் கேட்பதாக இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கு இருபது வருடம் பிந்தியாவது ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் இப்போது இல்லை. ஆனால் என் வகுப்பு இருக்கிறது.